எச்டிபாஸ்வேர்டு கட்டளை: கேட்டதும் சொன்னதும்

அப்பாச்சி வெப் சர்வரில் தளத்தின் ஒரு பகுதியைக் கடவுச்சொல் கேட்டுத் திறக்கும்படி வைத்து, அதன் பயனர் கணக்குகளை எச்டிபாஸ்வேர்டு (htpasswd) கட்டளையால் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கட்டளையோடு சேர்த்துத் தட்டும் எழுத்துகளான சுவிட்சுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் கவனித்துப் படியுங்கள்.

கேள்வி: முதல் பயனரைச் சேர்த்தபோது சரியாக வேலை செய்தது. இரண்டாமவரைச் சேர்த்ததும் முதலாமவரால் உள்ளே போக முடியவில்லையே?

இரண்டாம் முறையும் சிறிய எழுத்து ‘சி’ (-c) சுவிட்சைப் போட்டிருப்பீர்கள். ‘கோப்பைப் புதிதாக உருவாக்கு’ என்று அதற்குப் பொருள். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், ஒரு வார்த்தை கேட்காமல் பழையதைத் துடைத்துவிட்டு எழுதும். மேல் அம்புக்குறியைத் தட்டிப் பழைய கட்டளையை வரவழைத்து, பெயரை மட்டும் மாற்றி எண்டர் தட்டுகிறோம் அல்லவா, அங்கேதான் விபத்து நடக்கிறது. நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். பேக்கப் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் புதுக் கடவுச்சொல்தான்.

அன்றிலிருந்து நான் அந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. டச் கட்டளையால் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு, முதல் ஆளைக்கூட ‘சி’ இல்லாமலே சேர்க்கிறேன்.

கேள்வி: ஸ்கிரிப்டில் சிறிய ‘பி’ (-b) போட்டுக் கடவுச்சொல்லையும் கட்டளை வரியிலேயே கொடுக்கிறேன். தப்பா?

வேலை நடக்கும். ஆனால் அந்த நொடியில் அதே கணினியில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை ஓட்டுகிற யார் கண்ணிலும் அது படலாம். கையால் தட்டினால் ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். சிறிய ‘ஐ’ (-i) சுவிட்ச் கடவுச்சொல்லை உள்ளீட்டு வழியாக வாங்கிக்கொள்ளும். ஸ்கிரிப்டுக்கு அதுதான் சரி.

கேள்வி: பாதுகாப்புக்காகப் பிகிரிப்ட் (கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறை) எடுத்து, அதன் காஸ்ட் (அந்த உருமாற்றத்துக்கு ஆகும் வேலையின் அளவு) 14 என்று வைத்தேன். தளமே தவழ்கிறது.

பெரிய ‘பி’ (-B) போட்டுப் பிகிரிப்ட் எடுத்தது நல்ல முடிவு. 14 தான் வினை.

இப்படிப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பேசிக் முறையில் ‘உள்நுழைந்தாயிற்று’ என்ற நினைவு சர்வருக்குக் கிடையாது. பிரௌசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் பெயரையும் கடவுச்சொல்லையும் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சர்வரும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. பக்கத்தில் 40 படங்கள் இருந்தால், பக்கத்தையும் சேர்த்து 41 முறை. காஸ்ட் ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்கு. இயல்பாக இருப்பது 5. அங்கிருந்து 14 என்றால் ஒன்பது முறை இரட்டிப்பு, அதாவது 512 மடங்கு வேலை. இதை 41 ஆல் பெருக்கிப் பாருங்கள்! பெரிய ‘சி’ (-C) சுவிட்சில் 4 முதல் 17 வரை கொடுக்கலாம்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உங்கள் சர்வர் தாங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எண்ணைக் குறைத்த பிறகு கடவுச்சொற்களை மறுபடி பதிய வேண்டும். பழைய ஹாஷ் (உருமாற்றிச் சேமித்த கடவுச்சொல்) பழைய காஸ்டோடுதான் இருக்கும்.

கேள்வி: ஒருவரை நீக்கினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பெரிய ‘டி’ (-D) போட்டு நீக்குங்கள். அடுத்த கோரிக்கையிலேயே கதவு மூடிவிடும். யார் எந்தக் குழு என்று எழுதிய குழுக் கோப்பு வைத்திருந்தால் அதிலிருந்து பெயரைக் கையால் எடுங்கள். விட்டுவிட்டால், பின்னால் அதே பெயரில் வரும் புதியவருக்குப் பழையவரின் உரிமை போய்ச் சேரும்.

கேள்வி: கோப்பை எங்கே வைப்பது?

வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே. அனுமதி 640, சர்வர் ஓடும் குழுவுக்குப் படிக்க மட்டும்.

கேள்வி: தமிழில் கடவுச்சொல் வைக்கலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் வேண்டாம் என்பேன். பிகிரிப்ட் 72 பைட் வரைதான் பார்க்கும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கொ’ நம் கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு, 6 பைட். ஆக 24 குறியீட்டோடு எல்லை வந்துவிடும். அதைவிட, எல்லா நிரல்களும் அதை ஒரே குறியாக்கத்தில் அனுப்பும் என்ற உறுதியும் இல்லை. அப்புறம், எந்த மொழியில் வைத்தாலும் பயனர் பெயரில் முக்காற்புள்ளி கூடாது. கோப்பில் பெயரையும் ஹாஷையும் பிரிப்பதே அதுதான்.

கேள்வி: எச்டிடிபிஎஸ் இன்னும் போடவில்லை. பேசிக் முறை போதுமா?

போதாது. வழியில் கடவுச்சொல் பேஸ்64 வேஷத்தில் போகிறது. அது மறையாக்கம் இல்லை, யாரும் ஒரே கட்டளையில் பிரித்துப் படிக்கலாம். முதலில் எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் போடுங்கள், கணக்குகளை அப்புறம் சேர்க்கலாம்.