சேலம் கிராமத் திருச்சபைச் சண்டை (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், 1689–1712): உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அண்ணா, பியூரிட்டன் (ரொம்பக் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க) ஊருன்னா எல்லாருமே சபை மெம்பர்தானே?

பதில்: இல்ல தம்பி, பிரச்சனையே அங்கதான். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு எல்லாரும் வரணும், போதகர் சம்பளத்துக்கு வரியும் கட்டணும், ஆனா மெம்பர் ஆகணும்னா தேவன் தன் உள்ளத்துல என்ன செஞ்சார்னு சாட்சி சொல்லி சபையார் அதை ஒத்துக்கணும், அப்பதான் திருவிருந்து. 1689 நவம்பர்ல சாமுவேல் பாரிஸ் போதகரா பொறுப்பேத்த அன்னைக்கு உடன்படிக்கையில சேர்ந்தது அவரையும் அவர் மனைவியையும் சேத்து வெறும் 27 பேர். பக்கத்து சேலம் டவுன் சபை ஞானஸ்நானத்துக்கு விதிய கொஞ்சம் தளர்த்தியிருந்துச்சு, இவர் அதையும் ஒத்துக்கல. உள்ள விடமாட்டேன் ஆனா காசு மட்டும் குடுன்னா யாருக்குத்தான் கோவம் வராது?

கேள்வி: புட்னம், போர்ட்டர் குடும்பப் பகைதான் காரணம்னு சொல்றாங்களே சார்?

பதில்: பாதி உண்மை. புட்னம்காரங்களுக்கு தனி சபை வேணும், போர்ட்டர் குடும்பத்துக்கு டவுனோடதான் ஒட்டு உறவெல்லாம். ஆனா போதகர் வீட்டையும் நிலத்தையும் பாரிஸ் பேருக்கே எழுதிக் குடுத்ததுதான் பலரை கொதிக்க வச்சது. 1691 அக்டோபர்ல பாரிஸோட எதிர் கோஷ்டி ஊர்க் கமிட்டிக்கு வந்துச்சு, சம்பள வரியே போடமாட்டோம்னுட்டாங்க, நவம்பர்ல நாளைக்கு எரிக்க விறகு இல்லன்னு பாரிஸ் சபையார்கிட்ட முறையிடுற நிலைமை. அடுத்த சில மாசத்துல அவர் வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல வலிப்பு மாதிரி வந்துச்சு, அது சூனியக்காரங்க வேலைன்னு பல பேரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க, அதான் சேலம் சூனிய வழக்கு.

கேள்வி: மெம்பரா இருந்தவங்க தப்பிச்சாங்களா?

பதில்: இல்லம்மா. 1692 மார்ச் 27, திருவிருந்து நாள், பாரிஸ் எடுத்த வசனம் "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்". அக்கா ரெபேக்கா நர்ஸ் ஏற்கனவே ஜெயில்ல, அதைக் கேட்டதும் தங்கச்சி சாரா க்ளாய்ஸ் எழுந்து வெளிய போயிட்டாங்க, கொஞ்ச நாள்ல அவங்க மேலயும் புகார். ரெபேக்கா டவுன் சபை மெம்பர், ஜூலை 3ந் தேதி சபை விலக்கம், அதே மாசம் 19ந் தேதி தூக்கு. மார்த்தா கோரி பாரிஸோட சொந்த சபை மெம்பர், செப்டம்பர்ல ஜெயிலுக்கே போய் விலக்கினத அறிவிச்சாங்க, அந்தம்மா மசியல. எனக்கு இதைத்தான் மன்னிக்க முடியல, ஒரே மேசையில அப்பம் எடுத்தவங்க!

கேள்வி: அப்புறமாவது ஒத்துமையானாங்களா?

பதில்: லேசுல இல்ல. 1695ல பாரிஸ் இருக்கட்டும்னு 105 பேர், போகட்டும்னு 84 பேர் கையெழுத்து. அடுத்து வந்த ஜோசப் கிரீன் நல்ல மனுஷன், பகையாளி குடும்பங்கள பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சார், 1703ல மார்த்தா மேல இருந்த விலக்கத்த சபை ரத்து பண்ணுச்சு. 1706ல ஆன் புட்னம், அதான் சின்ன வயசுல சூனியம் வச்சதா பலர் மேல குத்தம் சொன்ன பொண்ணு, மெம்பரா சேரணும்னு வந்தப்போ அவ எழுந்து நிக்க அவளோட மன்னிப்ப கிரீன் எல்லார் முன்னாடியும் வாசிச்சார். ரெபேக்கா பேர்ல இருந்த விலக்கத்த டவுன் சபை எடுக்க 1712 ஆயிடுச்சு.