வாசகர் கேள்விகள்: காசோலையும் கட்டம் போட்ட சட்டையும்

கேள்வி: வங்கியில் கொடுப்பதும் செக், சதுரங்கத்தில் அரசனைத் தாக்குவதும் செக், கட்டம் போட்ட சட்டையும் செக்டு ஷர்ட், லாரியை நிறுத்தும் இடமும் செக்போஸ்ட். இவை ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே சொல்தான். அதன் வேர், அரசன் என்று பொருள்படும் 'ஷா' என்ற பாரசீகச் சொல். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது, எதிராளியின் அரசனைத் தாக்குகையில் 'ஷா' என்று குரல் கொடுத்து எச்சரிக்கும் வழக்கமும் கூடவே போயிற்று. அச்சொல் பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' என நின்றது; அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததே 'செஸ்'. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்' என்பதன் திரிபு. 'மாத்' என்பதற்கு அரபு வழியில் 'இறந்தான்' என்றும், பாரசீக வழியில் 'செய்வதறியாது நின்றான்' என்றும் பொருள் சொல்வார்கள். இந்த ஆட்டத்தில் அரசன் கடைசிவரை வெட்டப்படுவதே இல்லை என்பதால், இரண்டாவது பொருளே பொருத்தமாகப் படுகிறது.

அரசன் தாக்கப்பட்டவுடன் மற்றத் திட்டங்களை ஒதுக்கிவிட்டு அவனைக் காத்தாக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் 'தடுத்து நிறுத்துதல்' என்ற பொருளும், நிறுத்திப் பார்ப்பதிலிருந்து 'சரிபார்த்தல்' என்ற பொருளும் கிளைத்தன. நம் அரசியல் நிருபர்கள் 'அமைச்சருக்குச் செக் வைத்தார்' என்று எழுதும்போது, தெரிந்தோ தெரியாமலோ, சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் இருக்கிறார்கள். சட்டைத் துணிக்குப் பெயர் வந்தது ஆட்டத்திலிருந்து அன்று, பலகையின் கட்டங்களிலிருந்து.

கேள்வி: பிரிட்டனின் நிதியமைச்சரைக் குறிக்கும் பதவிப் பெயரில் வரும் 'எக்ஸ்செக்கர்' என்பதும் இந்தக் குடும்பம்தானா? காசோலை எப்படி இதற்குள் வந்தது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆம். சதுரங்கப் பலகைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே 'எக்ஸ்செக்கர்'. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வருவாய்க் கணக்கு, கோடுகளால் பிரிக்கப்பட்ட கறுப்புத் துணி விரித்த ஒரு மேசைமீது பார்க்கப்பட்டது. அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலில் அந்த மேசையை விவரிக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. பென்னி, ஷில்லிங், பவுண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, அதில் வில்லைகளை அடுக்கியும் எடுத்தும் கணக்கிட்டார்கள். மாவட்டத்தில் அரசனுக்காக வருவாய் வசூலித்த அதிகாரியான ஷெரீஃப் எழுத்தறியாதவராக இருந்தாலும் தாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பெயர்க் காரணத்தையும் ஃபிட்ஸ்நீலே தருகிறார். மேசையின் தோற்றம் மட்டுமன்று, பலகையில் அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்கிறார். தணிக்கைக்கு உட்கார்ந்து எழுந்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள்!

காசோலையின் கதை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பணம் கொடுக்கும் சீட்டில் மோசடி நடக்காமல் தடுக்க, ஒத்துப் பார்ப்பதற்கென்று வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பிறகு அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே ஆகிவிட்டது. பிரிட்டிஷார் 'எக்ஸ்செக்கர்' (exchequer) என்பதன் சாயலில் check என்பதை cheque என்று எழுத்து மாற்றிக்கொண்டார்கள். 'செக் பவுன்ஸ்' வழக்குகளுக்கு இடமளிக்கும் நமது 1881ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த எழுத்துமுறையே உள்ளது. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டதோடு, உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லையும் 'செக்' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

கேள்வி: செக் குடியரசு?
– வாசகர், ஈரோடு

பதில்: தொடர்பில்லை. அது அம்மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. நம்மூர் எண்ணெய்ச் செக்கையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம்.