“உங்களை யார் பார்ப்பார்கள்?”

கேள்வி: எனக்கு 35 வயது. ஒரே மகள், அவளுக்கு 6 வயது. எனக்கும் கணவருக்கும் இவள் ஒருத்தி போதும். மாமியார்தான் விடுவதாயில்லை. “உலகமே பிள்ளையில்லாமல் காலியாகிறதாம். வயதான காலத்தில் உங்களை யார் பார்ப்பார்கள்?” என்று தினமும் போனில் ஒரு செய்தியைக் காட்டுகிறார். நாங்கள் சுயநலக்காரர்களா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இல்லவே இல்லை. அதற்காக மாமியார் காட்டும் செய்திகள் பொய் என்றும் சொல்ல மாட்டேன். மக்கள்தொகை குறையாமல் நிற்க, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். தென் கொரியாவில் 2023இல் அது 0.72. ஜப்பானில் நூறில் 29 பேர் 65 வயதைத் தொட்டவர்கள். சீனா 2021இல் மூன்று குழந்தைகள் வரை அனுமதித்தது. அடுத்த வருடமே அங்கே மக்கள்தொகை சரியத் தொடங்கிவிட்டது.

இந்தக் கணக்கை ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டுவதுதான் அநியாயம். ருமேனியா 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. மறு வருடம் பிறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. இடையில் திருட்டுத்தனமான கருக்கலைப்பில் எத்தனையோ பெண்கள் செத்துப்போனார்கள். கொரியப் பெண்களின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: ஓயாத வேலை நேரம், எட்டாத வீட்டு விலை, பிள்ளை பெற்றால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

‘யார் பார்ப்பார்கள்’ என்பதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நாங்கள் நான்கு பிள்ளைகள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் துடைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றியது அக்கா ஒருத்திதான். மற்ற மூவரும் பணம் அனுப்பினோம், போனில் விசாரித்தோம். இன்றைக்கும் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.

ஜப்பானில் 2000இலிருந்து முதியோர் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. 40 வயதானால் எல்லோரும் பணம் கட்ட வேண்டும். தேவைப்பட்டால் வீட்டுக்கே ஆள் வந்து குளிப்பாட்டிவிடுவார்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான். ஆனாலும் எல்லாப் பாரமும் மகள் மருமகள் மேல் விழாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வோர் அரசிடமும் நாம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒன்று சொல்லட்டுமா? “உங்களை யார் பார்ப்பார்கள்” என்று மாமியார் கேட்கும்போது, “என்னை யார் பார்ப்பீர்கள்” என்பதும் அதில் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நீங்களே கேளுங்கள். நடக்க முடியாமல் போனால் எங்கே இருக்க ஆசை, மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது, கையில் பணம் எவ்வளவு என்று மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். மாமியார் உங்கள் கணவரைப் பெற்றவர். இன்னின்ன வேலை என்னுடையது என்று உங்கள் கணவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பேசி முடித்த கையோடு, குளியலறைச் சுவரில் மாமியார் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி பொருத்திவிடுங்கள்.