திருகோணமலை பேர் வாங்குன தேக்குக் கப்பல்

கேள்வி: அண்ணா, லீவுல பசங்களோட நிலம்பூர் தேக்குத் தோட்டத்துக்குப் போனோமுங்க. மலபார் தேக்குல செஞ்ச வெள்ளைக்காரன் போர்க்கப்பல் ஒண்ணு இன்னும் தண்ணியில மிதக்குதுன்னு கூட வந்தவர் சொன்னார். நெசமா? மரக்கப்பல் அத்தனை வருசம் தாங்குமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நெசந்தான் அம்மிணி. கப்பல் பேரு டிரிங்கமலி, அதாவது நம்ம திருகோணமலை. 1782-ல அந்த ஊர்க் கடல்ல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதுன சண்டை ஞாபகமா வச்ச பேரு. இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் துறைமுகத்துல இன்னிக்கும் நிக்குது.

ஆனா ஒண்ணு, நீங்க பாத்த தோட்டத்து மரம் இல்லீங்க அது. அந்தக் கனோலி தோட்டம் 1840-கள்ல வச்சது, கப்பல் தண்ணியில இறங்குனது 1817 அக்டோபர் 12. உங்க பசங்க கட்டிப்புடிச்சுப் பாத்த மரத்தைவிட கப்பல் மூத்தது. இந்த மாதிரி கப்பலுக்கும் மத்ததுக்கும்னு காட்டுத் தேக்கை வெட்டிவெட்டித் தீத்த பொறவுதான் நட்டு வளத்தாத்தான் ஆகும்னு கலெக்டர் கனோலி இறங்குனார், நட்டு முளைக்க வச்ச வேலையெல்லாம் சாத்து மேனோன் பாத்தது, அவர் பேரையும் பசங்களுக்குச் சொல்லிக்குடுங்க.

கட்டுனது பம்பாயில, ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியாங்கற பார்சி மேஸ்திரி. கப்பலோட பிளானை மொதல்ல ஜாவாங்கற கப்பல்ல அனுப்புனாங்க, அதை 1812-ல பிரேசில் பக்கத்துல அமெரிக்காக்காரன் புடிச்சு எரிச்சுட்டான், மறுபடி பிளான் வந்து வேலை ஆரம்பிக்க 1816 ஆயிருச்சு. அதுக்குள்ள நெப்போலியன் சண்டையே முடிஞ்சுபோச்சுங்க. 1819-ல இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்ததும் மேல கூரை போட்டு ஓரங்கட்டி வச்சுட்டாங்க, இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல சும்மாவே கெடந்துச்சு.

தாங்குனதுக்குக் காரணம் தேக்குல இருக்கற எண்ணெய். இங்கிலாந்து ஓக் மரத்துல துவர்ப்பு சாஸ்தி, அது அடிச்ச இரும்பு ஆணியைத் தின்னுரும், ஆணியைச் சுத்தி மரமும் கெட்டுப்போகும். எங்க தாத்தா வீட்டுத் தேக்குக் கதவைக் கழட்டுனப்ப ஆணி ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன், வெளிய நின்ன தலை துருவேறி உதிருது, மரத்துக்குள்ள இருந்த பாகம் மழமழன்னு கருப்பா அப்படியே இருக்குது. மரத்தைச் சீவுனா அந்த வாசனை புதுசு மாதிரியே வருது.

1847-ல, 26 பீரங்கியோட கொர்வெட்டா, அதாவது சின்ன ரகப் போர்க்கப்பலா மாத்தித்தான் வேலைக்கு விட்டாங்க. 1850 வரைக்கும் வெஸ்ட் இண்டீஸ் பக்கம், அடிமை ஏத்துற கப்பலைத் தடுக்கற ரோந்தும் அதுல உண்டு, 1852-லேருந்து 57 வரை பசிபிக். பெரிய சண்டை ஒண்ணுகூடப் போடலை. அப்புறம் பயிற்சிக் கப்பலாச்சு.

1897-ல உடைக்கறதுக்கே வித்துட்டாங்க, ஜார்ஜ் வீட்லி காப்னு ஒருத்தர் அதை வாங்கிப் பசங்க பயிற்சிக்கு வச்சார். அவரோட ஃபுட்ராயன்ட்ங்கற கப்பல் அதே வருசம் புயல்ல உடைஞ்சுது, அந்தப் பேரையே இதுக்கும் வச்சுட்டார், எனக்கு மனசு சங்கடப்படற இடம் இதுதான். 1987-ல ஹார்ட்டில்பூல் கொண்டுவந்து பழுது பாக்க ஆரம்பிச்சு 2001-ல முடிச்சாங்க. நடுவுல 1992-ல திருகோணமலை பேரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.