ஒரே சம்பவத்துக்கு இரண்டு கணக்கு: எந்தப் புத்தகத்தை நம்புவது?

கேள்வி: காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் வரலாறு, சமூகம், பெரிய குற்ற வழக்குகள் பற்றிய அபுனைவு நூல்களைக் கொஞ்ச நாளாக வாசிக்கிறேன். ஒரே சம்பவத்தை இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. நாவல் போல எழுதியவை விறுவிறுவென்று போகின்றன, ஆனால் எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. ஆய்வு நூல்களில் நாற்பது பக்கம் தாண்டுவதே பெரும்பாடு. எப்படி வாசிப்பது?

பதில்: இரண்டு புத்தகங்கள் முரண்பட்டால் முதலில் இரண்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஆசிரியர் எந்த ஆவணங்களைப் பார்த்திருக்கிறார், யாரிடம் பேசியிருக்கிறார் என்பதைப் பின்குறிப்புகள் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் துறையில் சண்டை பெரும்பாலும் கருத்தில் தொடங்குவதில்லை, யார் கைக்கு எந்தக் காகிதம் கிடைத்தது என்பதில்தான் தொடங்குகிறது.

1961 அக்டோபர் 17 இரவை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் ஆட்சிக்கு எதிராக அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பாரிஸில் அல்ஜீரியர்களைக் குறிவைத்துப் போடப்பட்ட இரவு ஊரடங்கை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் அடித்தது, சுட்டது, சிலரை சேன் ஆற்றில் தள்ளியது. இறந்தவர்கள் 3 பேர் என்பதே நெடுங்காலம் அரசின் கணக்கு. 1990-களின் இறுதியில் அரசே கேட்டு வாங்கிய அறிக்கை அதைச் சில டஜன்களுக்கு உயர்த்தியது. 200 வரை சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இவர்களில் சிலர் அந்த ஓர் இரவை மட்டும் எண்ணுகிறார்கள். சிலர் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதங்களையும் சேர்க்கிறார்கள். பிணவறைப் பதிவேட்டை மட்டும் நம்புகிறவர் ஒரு எண்ணுக்கு வருவார், காணாமல் போனவர்களின் குடும்பங்களையும் தேடிப் போனவர் வேறு எண்ணுக்கு வருவார். ஆகவே எண்ணைப் பார்த்ததும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பதிவேட்டிலிருந்து என்று கேளுங்கள். அது சொல்லப்படாத எண்ணைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம்.

இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. அப்போதைய பாரிஸ் போலீஸ் தலைவர் மொரிஸ் பப்போன், இதை எழுதிய ஆய்வாளர் மீது அவதூறு வழக்குப் போட்டார். 1999-இல் தோற்றார். அந்த வழக்கில் ஆய்வாளருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்ன இரண்டு ஆவணக்காப்பக ஊழியர்கள் அதன் பிறகு அலுவலகத்தில் ஓரங்கட்டப்பட்டார்கள். ஆவணக்காப்பகம் என்றால் நடுநிலையான அலமாரி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பதிப்பாண்டு. 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கென்யாவில் நடந்த மாவ் மாவ் எழுச்சி பற்றி வாசிப்பதானால் புத்தகம் 2011-க்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்று பார்த்துவிடுங்கள். வதைபட்ட கென்ய முதியவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கில்தான், 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுபோன சுமார் 8,800 கோப்புகளைத் தான் பூட்டி வைத்திருந்ததை பிரிட்டிஷ் அரசு அந்த ஆண்டு ஒப்புக்கொண்டது. 2013-இல் 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர உடன்பட்டது. 2011-க்கு முன் எழுதியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கோப்புகளைப் பார்த்திருக்க வழியில்லை. இங்கேயும் சாவு எண்ணிக்கையில் தகராறுதான். கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர்கள் சுமார் 11,000 என்றது அரசு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் சுமார் 50,000 என்றும், அதில் பாதி பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் மதிப்பிட்டது. சுடப்பட்டவர்களை எண்ணும் பட்டியலில் அந்தக் குழந்தைகள் வரவே மாட்டார்கள்.

சரி, நாவல் போல ஓடும் குற்ற நூல்கள். அவற்றை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கொலை வழக்கு விட்டுச்செல்லும் அளவுக்குக் காகிதத்தைச் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை விட்டுச்செல்வதில்லை. வாக்குமூலம், குறுக்கு விசாரணை, பத்திரிகைச் செய்தி, மேல்முறையீட்டுத் தீர்ப்பு எல்லாம் இருக்கும். உரையாடல் வந்தால் அது நீதிமன்றச் சாட்சியத்திலிருந்து வந்ததா என்று பின்குறிப்பில் பாருங்கள். இருந்தால் நல்லது. தனியாக இருந்தபோது கொல்லப்பட்ட ஒருவர் கடைசி நிமிடத்தில் என்ன நினைத்தார் என்று இரண்டு பத்தி வந்தால், அது ஆசிரியரின் கைச்சரக்கு.

பரபரப்பு நூல்களைச் சோதிக்க 1959-இன் நானாவதி வழக்கு கைகொடுக்கும். மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்கு அது. பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது பேர் கொண்ட ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவர் குற்றவாளி அல்ல என்றது, பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதுவரை தகராறில்லை. 'இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு இதுதான்' என்று ஒரு புத்தகம் சொன்னால் உஷாராகிவிடுங்கள். அதன் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் அந்த முறை முடிந்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்க்காமல் எடுத்து எழுதியதில் வளர்ந்த கதை அது.

போலீஸ் ஆவணத்தை அப்படியே ஒப்பிக்கும் நூல்களிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 1871-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது. 1952-இல் அது நீக்கப்பட்ட பிறகும் பட்டியல் எழுதிய கையின் பழக்கம் மறையவில்லை. 'திருட்டே இவர்களின் குலத்தொழில்' என்ற மாதிரி வரி ஒரு நூலில் எந்தக் கேள்வியும் இல்லாமல் வந்தால், ஆசிரியர் ஆவணத்தை வாசிக்கவில்லை, நகலெடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பாதிக்கப்பட்டவர், குற்றவாளி ஆகியோரின் நேரடிச் சாட்சியத்துக்கும் இதே கேள்வி உண்டு. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் முழு உண்மையையும் சொல்லி, செய்த செயல் அரசியல் நோக்கம் கொண்டது என்றும் நிறுவினால்தான் தண்டனையிலிருந்து பொதுமன்னிப்பு. அப்படியானால் பொதுமன்னிப்பு கேட்டு வந்தவர்கள் எதை அழுத்திச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்த வாக்குமூலங்களை வாசிக்க வேண்டும்.

ஆய்வு நூல் நாற்பதாம் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கோட்பாட்டு அத்தியாயம். அது சக ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டது. முன்னுரையில் நூலின் வாதம் என்ன என்று மட்டும் பார்த்துவிட்டு, சொல்லடைவில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயரையோ ஊரையோ தேடி அந்த அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். இதற்கு வசதியாக, ஒரு நாட்டின் முழு வரலாற்றை எடுப்பதைவிட ஒரே சம்பவத்தைப் பிடித்துக்கொள்வது மேல். முதலில் பத்திரிகையாளர் எழுதியது, பிறகு ஆய்வு நூல், அதன் பின் அதில் இருந்தவர் எழுதிய நினைவுக்குறிப்பு. முதல் புத்தகத்தில் பெயர்களும் இடங்களும் பழகிவிடுவதால் இரண்டாவது அவ்வளவு கனமாகத் தெரியாது. விட்டுப்போன கோட்பாட்டு அத்தியாயத்தைத் தேவைப்பட்டால் அப்போது வாசித்துக்கொள்ளலாம்.