ட்ரிகரை விட்டாலும் செயின்சாவின் செயின் நிற்கவில்லையா?

வணக்கம் அண்ணே. மரம் வெட்டும் செயின்சாவின் கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதிலிருந்து ட்ரிகரை விட்டாலும் செயின் சுற்றுகிறது, ஐடில் ஸ்க்ரூவை (ட்ரிகரை விட்ட நிலையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) முழுக்கத் தளர்த்தியும் அடங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஸ்க்ரூவை இனித் தொடாதீர்கள். ட்ரிகரையும் கார்புரேட்டரையும் இணைக்கிற த்ராட்டில் கம்பியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். ட்ரிகரை விட்டதும் கார்புரேட்டரின் சின்ன லீவர் முழுக்க மூடிய நிலைக்குத் திரும்பி உட்கார வேண்டும். அது பாதியிலேயே நின்றால் கம்பி இழுத்துப் பிடித்திருக்கலாம். கார்புரேட்டரை போல்ட்டில் தள்ளிய பிறகு கம்பியைக் கொக்கிபோல் மாட்டப் பார்த்தால் அது வளைந்துவிடும், எல்லாரும் அவசரத்தில் செய்வதுதான். கார்புரேட்டரை வெளியே இழுத்து, கம்பியின் முனையை லீவர் ஓட்டையில் கோத்து, அப்புறம் இரண்டையும் சேர்த்து உள்ளே தள்ளுங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்துவதைவிடப் புதிது வாங்குவது மேல்.

கைப்பிடிக்குள் ட்ரிகர் ஸ்பிரிங் இடம் மாறியிருந்தாலும் இதே கதைதான்.

லீவர் சரியாக உட்கார்ந்தும் எஞ்சின் கத்தினால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இன்டேக் ரப்பரில் காற்று கசியலாம். பினாங்கின் பாலிக் புலாவ் சரிவில் டுரியான் கிளை வெட்டப்போகிற மெஷின் இது. செயின் தானாக நிற்கும்வரை தோட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.