பிள்ளை பெற்ற பெண்ணை 31 நாள் வீட்டுக்குள் வைத்துப் பராமரிக்கும் யாழ்ப்பாண வழக்கம் இன்றும் தேவைதானா?

நீங்கள் முதற் பிள்ளைக்குக் காத்திருக்கிறீர்கள். தாயார் உயிருடன் இல்லை, கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். பிள்ளை பிறந்ததும் 31 நாளும் பத்தியச் சாப்பாடு கொடுத்து, மருந்துத் தண்ணீர் வார்த்துத் தானே பார்த்துக்கொள்வதாக மாமியார் சொல்கிறார். கூட வேலை செய்பவர்களோ, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் காலத்தில் இந்த மூடநம்பிக்கை எதற்கு என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். வழக்கத்தின் மையமான துணை, அதாவது பிள்ளை பெற்றவளுடன் ஒருவர் கூடவே இருந்து பார்ப்பது, மிகவும் தேவையானது, அதைச் சுற்றியுள்ள சில பழக்கங்கள் கட்டாயம் விடப்பட வேண்டியவை என்பதே என் பதில். இரண்டு பிள்ளைகளை யாழ்ப்பாணத்திலேயே பெற்று, பின்னர் தங்கையினதும் மச்சாளினதும் பிள்ளைப்பேறுகளில் கூடவே நின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தத் துணை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைக்கும் சொத்துக்கு முக்கிய இடம் உண்டு. நடைமுறையில் அந்தச் சீதனம் பெரும்பாலும் வீடும் வளவுமாகவே இருந்ததால், கல்யாணம் முடித்த பெண் தாய் வீட்டிலோ, அதே வேலிக்கு அடுத்த பக்கத்திலோ வாழ்ந்தாள். தாயும், அம்மம்மாவும், பெரியம்மா சின்னம்மாமாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஆகவே பிள்ளை பெற்றவளை யார் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை. இன்று அந்த வளவுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன; சகோதரிகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்; தாய்மார் விசாவுக்கு விண்ணப்பித்து மகள்மாரின் பிள்ளைப்பேற்றுக்குப் பறந்து போகிறார்கள். உங்கள் நிலை அதற்கும் மறுபக்கம். எனவே முன்பு தானாகவே அமைந்த ஒன்றை நீங்கள் திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு விடயமும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பிள்ளை எடுத்த மருத்துவிச்சிமாரும், துடக்குச் (தீட்டுச்) சீலைகளை எடுத்துச் சென்று வெளுத்து மாற்றுச் சேலை கொண்டுவந்த பெண்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இரவு முழுவதும் தலைமாட்டில் இருந்து பிள்ளையைக் கையில் ஏந்தியவளுக்கு, விடிந்த பின் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை இருக்கவில்லை. நெல்லும் சேலையும் கூலியாகக் கிடைத்தன, மரியாதை கிடைக்கவில்லை. நம் முன்னோரின் பிள்ளைப்பேறுகளைத் தாங்கியது அவர்களுடைய அறிவும் கைப்பழக்கமுமே என்பதை நாம் இன்னும் உரத்துச் சொல்லவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கைப்பழக்கத்துக்கும் எல்லை இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் போனாலோ, அவர்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவமும் அப்போது தமிழுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்கென்றே இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. பெண் வைத்தியர்கள் இருந்தபடியால் தயக்கமின்றிப் போகக்கூடிய இடமாக அது பல தலைமுறைகளுக்கு விளங்கியது. பின்னர் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் ஊர் ஊராக வந்தார்கள். 1930களில் இலங்கையில் 1 இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 அளவில் தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 50இற்கும் குறைவு. ஆகையால் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி உங்களை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பிறகு வரும் வாரங்களுக்குத்தான் நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரம் ஆகும். இரத்தப்போக்கு நிற்கவும் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் செல்லும். உடல் ஆறும் இந்தக் காலத்தின் பெரும்பகுதியை 31 நாள் துடக்கு மூடி நிற்கிறது. துடக்கு என்பதால் அவள் அடுப்படிக்குப் போகக்கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது, விருந்தாளியைக் கவனிக்கக்கூடாது. ஓய்வை ஒரு சலுகையாகக் கொடுத்திருந்தால் வேலை கூடிய வீடு அதை மூன்றாம் நாளே பறித்திருக்கும். விலக்காக விதித்தபடியால் எந்த மாமியாராலும் அவளை எழுப்பி உலை வைக்கச் சொல்ல முடியவில்லை. அதே விதி அவளைத் தீட்டுப்பட்டவளாகவும் ஆக்கியது. தனிப் பாயும் தனிக் கோப்பையும் கொடுத்து ஒதுக்கியது. அந்தப் பகுதியை நான் ஏற்கவில்லை, என் பிள்ளைகளின் காலத்திலும் ஏற்கவில்லை. ஓய்வை வைத்துக்கொண்டு ஒதுக்கலை விடுவது முடியாத காரியம் அல்ல.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதைப் பெருமளவுக்கு நம்பலாம். என் தங்கைக்குச் சின்னம்மா சமைத்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு (சுக்கு) ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து, மஞ்சளுடன் சேர்த்து இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைத்திருந்தார். செத்தல் மிளகாய் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. அந்தச் சரக்குத்தூளில், முழு உள்ளியை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டு, ஒருநாள் முருங்கைக்காயும் சிறுமீனும், மறுநாள் கத்தரிப்பிஞ்சும் என்று குழம்பு வைத்தார். சுடுசோற்றைக் குழையப் பிசைந்து, தங்கையின் மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தானே தீத்தினார். இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருக்கும் ஒருத்திக்குச் சாப்பாடு எப்படிப் போகும் என்பதை யோசித்துச் செய்த செயல் அது. பால்சுறா வறை பால் சுரக்க வைக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உண்மையில் பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால்தான். புரதத்துக்காகச் சிறிய சுறாவை எப்போதாவது சாப்பிடலாம். பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, சிறுமீனையும் முட்டையையும் முருங்கையிலையையும் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நல்லெண்ணெயில் முட்டையை ஊற்றித் தந்தால் அது நன்றாக வெந்திருக்க வேண்டும்.

நொச்சி, வேப்பிலை, பாவட்டை இலைகளை அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் நாரியில் (இடுப்பின் பின்புறத்தில்) வார்ப்பது நோவைக் குறைக்கும், உறக்கம் தரும். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளையென்றால் தையல் ஆறும் வரை வயிற்றுப் பக்கம் சுடுதண்ணீர் அடித்து ஊற்ற விடாதீர்கள். இறுக்கி வயிறு கட்டுவதையும் வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இனி, விடவேண்டியவற்றுக்கு வருகிறேன். வயிறு வைத்துவிடும் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பது தவறு. பாலூட்டும் பெண்ணுக்குத் தாகம் எடுக்கும் போதெல்லாம் தண்ணீர் வேண்டும். எழும்பவே விடாமல் கிடத்தி வைப்பதும் ஆபத்து, ஏனென்றால் பிள்ளை பெற்ற வாரங்களில் காலில் இரத்தம் கட்டியாக உறையும் வாய்ப்புக் கூடுதலாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே மெல்ல நடக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறமான கடும்புப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இப்போது பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. எங்காவது தலைகாட்டினால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தடுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். கோரோசனையும் வசம்பும் உரைத்துக் கொடுப்பது வேண்டாம். தேன் 1 வயது வரை கூடவே கூடாது.

நான் மேலே சொன்ன மையமான துணை இரவில்தான் இருக்கிறது. பகலில் கூட்டமாக வந்து பிள்ளையின் மூக்கு யாரைப் போல என்று பேசுபவர்கள் பலர். இரவு இரண்டு மணிக்கு எழும்புபவர் ஒருவர் இருந்தால் போதும். எனக்கு அது பெரியம்மா. பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டியபடி, “நீ படு பிள்ளை, குஞ்சை நான் பார்க்கிறன்” என்று சொல்லி விளக்கை அணைப்பார். அந்த இரண்டு மணி நேர உறக்கம்தான் என்னை மறுநாள் மனிதப் பிறவியாக வைத்திருந்தது. உறக்கமின்மை நீண்டால் பிள்ளை பெற்ற பெண்ணின் மனம் இலகுவாகச் சோர்ந்துவிடும். காரணமின்றி அழுவது முதல் சில நாள்களில் பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளையில் பற்று வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினாலோ, அதைக் காத்து கறுப்பு என்று எண்ணி நூல் கட்டுவதோடு நிறுத்திவிடாமல், தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும்.

துணையின் பெறுமதியை நான் உணர்ச்சியால் மட்டும் சொல்லவில்லை. குவாத்தமாலாவில் நடத்தப்பட்டு 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரசவ அறையில் தனியே கிடந்த பெண்கள் சிலருக்கு, முன்பின் அறியாத சாதாரணப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் இருத்தினார்கள். அவள் முதுகைத் தடவி, கையைப் பிடித்து, பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவே. அந்தப் பெண்களுக்குப் பிரசவ நேரம் வெகுவாகக் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. பிரசவ வேளை முழுவதும் பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நம் மருத்துவிச்சிமார் எழுத்தில்லாமலே அறிந்திருந்தது இது; ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாம் உயிரைக் காப்பாற்றிக்கொண்டோம், இந்தத் துணையை வாசலில் விட்டுவிட்டுப் போனோம். என் முதற் பிரசவத்தில் பெரியம்மா வெளி விறாந்தையில் இருந்தார், நான் உள்ளே தனியே கிடந்தேன். இப்போது சில ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

தாய் இல்லாததால் இதெல்லாம் எனக்குக் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, நிறைமாதப் பெண்களும் அந்தச் சனத்துக்குள் நடந்தார்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், வாங்குகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, சேலைகளைச் சுற்றிக் கட்டி மறைத்து, ஒருவரையொருவர் முன்பு கண்டிராத பெண்கள் ஒரு பிள்ளையை வாங்கி எடுத்ததைப் பெரியம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். பெற்றவளுக்குக் கஞ்சி வைக்க ஆளுக்கொரு சுண்டு அரிசி கொடுத்தார்களாம். அவர்களில் எவரும் அவளுக்கு இரத்த உறவு இல்லை. ஆகவே உங்கள் மாமியார் முன்வருவதை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் ஒருவரால் 31 இரவும் விழித்திருக்க முடியாது என்பதால், ஒழுங்கையில் உள்ள ஒருவரையோ உங்கள் நண்பியையோ இரண்டு நாளுக்கொருமுறை இரவு தங்கச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள். கணவர் அனுப்பும் காசில் பெரிய வளைகாப்பு வைக்கும் எண்ணம் இருந்தால், அதைக் குறைத்து, சமையலுக்கும் துவைப்புக்கும் ஒருவரை நியாயமான சம்பளத்துக்கு அமர்த்துங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது ஊருக்குப் பொறுப்பான அரச மருத்துவமாதுக்கு, தொலைபேசியில் அறிவியுங்கள். முதல் 10 நாள்களுக்குள் வந்து உங்களையும் பிள்ளையையும் பார்ப்பது அவருடைய கடமை. அவர் வரும்போது மாமியாரையும் அறையில் இருக்கச் சொல்லுங்கள். இரத்தம் அளவுக்கு மீறிப் போதல், காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, தாங்க முடியாத தலையிடி, கண் மங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது என்பதை அவர் வாயால் மாமியார் கேட்க வேண்டும், ஏனென்றால் நள்ளிரவில் வாகனம் பிடிக்க வேண்டியவர் அவர்தான்.